துடைக்காத திருநீறு

இலஞ்சி,
தாது வருஷம் ஐப்பசி 19

டாக்டர் ஞானபாக்கியம் அம்மாள் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டாம்.

நான் நலம், தங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்கப் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுத்தார்கள். முதல் பாதியை எழுதக் கை வரவில்லை.

என்னை நினைவிருக்கிறதா? ஆடி மாதம் குற்றாலத்தில் நீங்கள் எடுத்திருந்த பங்களாவுக்கு என் அக்கா உலகம்மாளைப் பெரியப்பா காந்திமதிநாத பிள்ளை கூட்டி வந்தார். கூடவே வந்த சின்னப் பெண் நான்தான். நிஷ்டையில் இருப்பவளைக் கிறிஸ்தவ வேதக்காரர் தொடக் கூடாது என்று பெரியப்பா சொன்னதால், அக்கா தலையில் வெள்ளித் தகடுகளை ஒட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். மூளைக்குள் எந்நேரமும் மின்சாரம் சிற்றலையாக ஓடும், தூக்கத்திலும் நிற்காது, அதைத்தான் இந்தப் பெட்டி காகிதத்தில் கோடாக எழுதுகிறது என்று எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். நெற்றியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து அதன்மேல் தகட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலை பெட்டிக்கு வந்து சேராது என்றும் சொன்னீர்கள்.

முதல் இரண்டு நாள் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் ஆடி அமாவாசை. பெரியப்பா பூஜை முடித்து அக்கா நெற்றியில் தன் கையாலேயே சந்தனத்தை அப்பி, அது காய்ந்த பிறகு மேலே திருநீறும் பூசினார். "இதுல ஒரு துகள் உதிரப்பிடாதுட்டி" என்று என்னிடம் சொன்னார். உப்புத் தண்ணீர் பட்டால் நீறு கரைந்து வழியும். அதனால் நான் துடைக்கவில்லை. உலர்ந்த பஞ்சை வைத்து அதன்மேல் தகட்டை வைத்துக் கட்டினேன். நீங்கள் பெட்டிப் பக்கம் இருந்ததால் இதைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் கோடு அசையாமல் நேராக ஓடியது. இருபத்துமூன்று நிமிஷம். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. பெரியப்பா தரையில் விழுந்து அழுதார். எங்களோடு வந்திருந்த அம்மா அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் அழும்போது நான் எப்படி வாயைத் திறப்பேன்?

"இத்தனை நேரம் இந்தப் பெண்ணின் மூளையில் எந்த அசைவையும் நான் காணவில்லை. உயிருள்ள மனிதரிடம் இதற்கு முன் இப்படிக் கண்டதில்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பெரியப்பா நோட்டீஸாக அச்சடித்து ராயகிரி வரைக்கும் கொடுத்திருக்கிறார். மார்கழித் திருவாதிரை அன்று அக்காவைத் தென்னந்தோப்பில் குழிக்குள் உட்கார வைத்து மூடப் போகிறார்கள். மூன்று நாள் கழித்துத்தான் திறப்பார்களாம். மூளையே ஓய்ந்தவளுக்கு மூச்சு எதற்கு என்று பெரியப்பா சொல்லுகிறார்.

உங்கள் பெட்டி அன்று பழுது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் சொன்னதாக மட்டும் வேண்டாம். பதிலை எங்கள் பள்ளிக்கூட வண்டிக்காரர் பீர் மைதீன் பெயருக்கு, தென்காசி வண்டிப்பேட்டை விலாசத்தில் போடுங்கள். அவர் என் கையில் கொடுப்பார்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
குழல்வாய்மொழி

* * *

சென்னை,
12-11-1936

அன்புள்ள குழந்தை குழல்வாய்மொழிக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அடுப்பில் போடவும் மனம் வரவில்லை, பூட்டி வைத்திருக்கிறேன். அக்காவின் மேல் நீ வைத்திருக்கும் பாசம் என்னை உருக்கிவிட்டது.

ஆனால் ஒன்றை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று உன் அக்கா எழுந்து போன பிறகு அதே தகடுகளை என் நெற்றியில் கட்டிப் பார்த்தேன். பெட்டி ஒழுங்காக எழுதியது. ஆகையால் பழுது என்று எழுதினால் அது பொய்யாகும். அச்சம் வந்தால் நடந்தது ஒரு மாதிரியும் நினைவு வேறு மாதிரியும் ஆகிவிடுவதைப் பெரியவர்களிடமே பார்த்திருக்கிறேன். நீறு மெல்லியதாகத்தானே இருந்திருக்கும்?

குழி விஷயம் கேட்டு எனக்கும் திடுக்கென்றது. காற்றில்லாமல் ஒருவர் இருக்க முடியும் என்று நான் எங்கும் எழுதவில்லை. உன் பெரியப்பாவுக்கு இன்றே பக்குவமாக எழுதுகிறேன். அவர் படித்தவர், கேட்பார். நீ பாடத்தில் கவனம் வை. இரவில் விழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் நலம் நாடும்,
ஞானபாக்கியம்

* * *

இலஞ்சி,
கார்த்திகை 10

டாக்டர் அம்மாள் அவர்களுக்கு நமஸ்காரம்.

நீறு மெல்லியதாக இல்லை. சந்தனம் மாத்திரமே ஒரு ரூபாய்க் காசு கனம் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தைப் பெரியப்பா சத்தமாகப் படித்தார். கோபப்படவில்லை. "டாக்டரம்மா பயப்படுதா. கண்ணால பாத்துட்டாள்லா, அந்த மலைப்பு இருக்கும். நாம வித்தியாசமா நினைக்கப்பிடாது" என்றார். பெரியப்பா பொய்க்காரராக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. அப்பா செத்த நாளிலிருந்து எங்களுக்குச் சோறு போடுகிறவர் அவர்தான். அக்காவோடு சேர்ந்து அவரும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்.

குழி தோண்டி உள்ளே கருங்கல் பதித்தாகிவிட்டது. மேலே பலகை, பலகைமேல் களிமண். கொத்தனார் குற்றாலிங்கம் தயங்கித் தயங்கி, "காத்துக்கு ஒரு ஓரமா ஓட்டை விடுவமா அண்ணாச்சி?" என்று கேட்டார். கூட இருந்த ஒருவர், "காத்து வேணும்னா வீட்டுல விசிறிக்கிட்டு இருக்க வேண்டியதுதானலே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

போன திங்கட்கிழமை ஒத்திகை மாதிரி ஒரு சாமம், மூன்று மணி நேரம், மூடி வைத்தார்கள். திறந்தபோது அக்கா உட்கார்ந்தபடிதான் இருந்தாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. ஆனந்தம் என்று பெரியப்பா சொன்னார். கால்வாயில் அக்காவுக்குக் கை கழுவி விட்டவள் நான். நகக்கண் பத்திலும் மரச்சிராய். இரண்டு நகம் பிளந்திருந்தது. நான் குழிக்குப் போய், எடுத்துச் சாத்தி வைத்திருந்த பலகையைப் பார்த்தேன். அடிப்பக்கம் பிறாண்டிய தடம் இருந்தது.

"வலிக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"அது உடம்பு பண்ணுனதுட்டி, நானில்ல" என்றாள்.

அப்புறம் அவளாகவே பேசினாள். அக்காவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம், நாலு மாதத்தில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். அதிலிருந்து அவள் கண்ணை மூடி உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"எனக்கே சந்தேகம்தான்ட்டி இத்தனை நாளும். கண்ணை மூடுனா கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே இருக்காது. சத்தம் இருக்காது, துக்கம் இருக்காது. ஆனா ஒரு ஓரத்துல, இப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிட்டே ஒருத்தி உக்காந்திருப்பா. அவ மட்டும் போகவே மாட்டா. டாக்டரம்மா மிஷினு அவளும் இல்லைன்னுட்டு. அவளே இல்லைன்னா மூச்சு யாருக்கு?"

டாக்டர் அம்மா, அக்கா பெரியப்பாவை நம்பிப் போகவில்லை. உங்கள் பெட்டியை நம்பிப் போகிறாள். அந்தக் கோட்டை நான்தான் அப்படி நேராக்கினேன்.

ஒரே ஒரு தடவை நீங்களே உங்கள் நெற்றியில் சந்தனம் அப்பிக் காயவிட்டுப் பாருங்கள்.

குழல்வாய்மொழி

* * *

சென்னை,
2-12-1936

என் குழந்தாய்,

நீ சொன்னது சரி.

எங்கள் வார்டு ஆயா இசக்கியம்மாள் உன் ஊர்ப் பக்கத்துக்காரி. அவளிடம் சந்தனமும் திருநீறும் வாங்கி, நீ எழுதிய கனத்துக்கு என் நெற்றியில் அப்பிக் காய விட்டேன். "என்னம்மா, எங்க சாமிக்கு மாறிட்டியளா?" என்று அவள் சிரித்தாள். உலர்ந்த பஞ்சு வைத்துத் தகட்டைக் கட்டினாள். கோடு நேராக ஓடியது. நான் வேண்டுமென்றே பெருக்கல் கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அசையவில்லை. அந்தப் பெட்டிக்கு நான் செத்தவள்.

உன் கடிதம் வந்த அன்றே இதைச் செய்திருக்கலாம். செய்யவிடாமல் என்னைத் தடுத்தது எது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். உலகத்தில் எவரும் காணாததைக் கண்டவள் நான் என்று இந்த நாலு மாதமும் நடந்துகொண்டிருந்தேன். ஜனவரியில் விஞ்ஞானிகளின் பெரிய சபையில் படிப்பதற்குக் கட்டுரையும் எழுதி அனுப்பியிருந்தேன். நோயாளியைத் தொடாதே என்று ஒருவர் சொன்னதும் சரி என்று ஒதுங்கி நின்றேனே, அங்கேயே நான் டாக்டர் இல்லாமல் போய்விட்டேன்.

முதல் இரண்டு நாளும் உன் அக்காவின் கோடு பெரிய, மெதுவான அலைகளாக ஓடியது. அது மெய். அவளுக்குள் ஓர் அமைதி இருப்பதற்கு அது சாட்சி. காற்று வேண்டாம் என்பதற்குச் சாட்சி அல்ல.

நேற்றே உன் பெரியப்பாவுக்கும் தென்காசிப் போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் என் சான்றை ரத்துச் செய்து எழுதிவிட்டேன். காரணம் சொல்லாமல் எழுதினால் எவரும் ஏற்க மாட்டார்கள் என்பதால், நெற்றி துடைக்கப்படவில்லை என்று தகடு கட்ட உதவியவர் மூலம் அறிந்தேன் என்று குறிப்பிட்டேன். உன் பெயரை எழுதவே இல்லை. தைரியமாக இரு.

கர்த்தர் உன்னையும் உலகம்மாளையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

ஞானபாக்கியம்

* * *

இலஞ்சி,
மார்கழி 4

டாக்டர் அம்மாள் அவர்களுக்கு,

தகடு கட்ட உதவியவர் என்று எழுதினீர்களே. அங்கே தகட்டைத் தொட்டது என்னைத் தவிர வேறு யார்?

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை. பூஜை அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, "தொடைச்சியா, இல்லியா? பயப்படாம சொல்லு, தாயி" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். என் அம்மா பிச்சம்மாள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நீ இல்லைன்னு சொல்லிட்டா உங்கக்கா மறுபடி மூலையில போய் உக்காரணும். ஒரு கல்யாண வீட்டுக்குள்ள அவளைச் சேத்தாங்களா? மூளின்னு சொன்ன வாயெல்லாம் இப்பத்தான் தாயேங்குது. அதைக் கெடுக்கப் போறியா?"

துடைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பா காகிதத்தில் எழுதினார். 'நான் விதிப்படி நெற்றியைத் துடைத்தேன். டாக்டர் அம்மாள் எழுதியது தவறு.' கையெழுத்துப் போட்டேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். உண்மையாகவே நான் துடைத்ததாக அவர் நம்புகிறார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். உங்கள் சான்றுக் கடிதம், அதை ரத்துச் செய்த கடிதம், என் காகிதம் மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தார். "டாக்டரம்மாளுக்கு எதிரா டாக்டரம்மாளே எழுதியிருக்கா. நான் எதைவே நம்ப?" என்று சொல்லிக் காப்பி குடித்தார். அக்காவைக் கூப்பிட்டு, "உமக்குச் சம்மதம்தானா?" என்று கேட்டார். அவள் கை கூப்பினாள். அவரும் கை கூப்பிவிட்டுப் போய்விட்டார். வேதக்காரர்கள் மேலிடத்திலிருந்து நெருக்கி உங்களை மாற்றி எழுத வைத்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். வண்டியில் விட்டுவந்த என் பையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பீர் மைதீன் அண்ணாச்சி வந்தார். இனிமேலும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடிதம் போதாது, அம்மா. நீங்கள் வாருங்கள். பெட்டியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வையுங்கள். நான் எல்லோர் முன்னாலும் துடைக்கிறேன்.

குழல்வாய்மொழி

* * *

சென்னை,
22-12-1936

கண்ணே,

வருகிறேன். திருவாதிரை அன்று காலை ரயிலில் தென்காசியில் இறங்குவேன். பெட்டியும் கூட வரும். தரிசனம் முடிந்து பத்து மணிக்குத்தான் குழியை மூடுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறது. அதற்குள் வந்துவிட நேரம் இருக்கிறது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பரவாயில்லை. கட்டுரையையும் திரும்ப வாங்கிவிட்டேன்.

என் அவசரத்தால் உன்னைக் காட்டிக் கொடுத்தேன். நீ கோபமில்லை என்று எழுதியதைப் படிக்கக் கூச்சமாக இருந்தது.

ஒரு காரியத்தை நீதான் செய்ய வேண்டும். நான் வருவதற்கு முன் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடு. நான் சொன்னால் அது வேதக்காரி சொன்னதாகிவிடும். நீ சொன்னால் அவளுக்குத் தெரியும்.

ஞானபாக்கியம்

* * *

இலஞ்சி,
திருவாதிரைக்கு முந்தின ராத்திரி

அம்மா,

ஸ்டேஷனுக்குப் போகுமுன் வீட்டுப் பின்பக்கம் வருவதாகச் சொல்லியிருக்கிற பீர் மைதீன் அண்ணாச்சியிடம் இதை விடியுமுன் ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். ஸ்டேஷனில் உங்கள் கையில் சேர்ப்பார். படித்ததும் வீட்டுக்கு வராதீர்கள், நேராகத் தோப்புக்குப் போங்கள். வேறு யாரிடமும் காட்டி யோசனை கேட்க நேரமில்லை.

இன்று மத்தியானம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சந்தனம், நீறு, உலர்ந்த பஞ்சு எல்லாம் சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அப்ப அவ அங்கனதான் உக்காந்திருந்திருக்கா" என்றாள்.

"யாரு அக்கா?"

"அந்த ஓரத்துல இருக்கவ. நான் அவ போயிட்டான்னு நினைச்சுல்லா சம்மதிச்சேன்."

அப்புறம் என் கையைப் பிடித்து அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கைம்பெண் ஆன பிறகு அவள் என்னை அப்படித் தொட்டதே இல்லை. "எனக்குச் சாவப் பயமா இருக்குட்டி, குழலு" என்றாள். ஓடிவிடலாம், வண்டி வரச் சொல்லுகிறேன் என்றேன். "ஓடுனா நீயும் அம்மையும் என்ன ஆவிய? நானே பெரியப்பாட்ட சொல்லுதேன். என் உடம்புதான? நான் சொன்னாக் கேப்பாரு" என்றாள்.

விளக்கு வைத்ததும் போய்ச் சொன்னாள். நானும் பின்னால் நின்றேன். "பெரியப்பா, எனக்குப் பயமா இருக்கு. நான் போகல" என்றாள். இத்தனை தெளிவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பயம் வருதுன்னா கரை பக்கத்துல வந்துட்டுன்னு அர்த்தம், தாயி. எல்லாருக்கும் கடைசியில வரும். விடியுத வரைக்கும் இந்தப் பயத்தோட நீ கிடந்து சீரழியணுமா? நான் விட மாட்டேன்."

பக்கத்தில் நின்ற ஆளிடம் திரும்பி, "குற்றாலிங்கத்தை வரச் சொல்லுலே. களிமண்ணை இப்பமே கொழைக்கட்டும்" என்றார்.

நான் கத்தினேன். பொய், கையெழுத்துப் பொய், நான் துடைக்கவில்லை என்று கத்தினேன். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். என்னை நெல் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டியது அம்மா.

அக்காவுக்குப் பால் கொடுத்தார்கள். அதில் என்ன கலந்தார்களோ, கொஞ்ச நேரம் "குழலு, குழலு" என்று சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. இப்போது சங்கு ஊதுகிறது. நாளைக் காலைக்குச் சொன்ன சங்கு. ஜன்னல் கம்பி வழியாகத் தோப்பில் தீவட்டி தெரிகிறது. நாலு, ஐந்து. அசையாமல் நிற்கிறது.

ஒரு சாமத்துக்கே அப்படி ஆனாள். உங்கள் ரயில் வருவதற்கு இன்னும் மூன்று சாமம் இருக்கிறது. கணக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் போங்கள். ரயில் நேரத்துக்கு முன்னால் வந்தாலும் வரும்.

வழி எழுதுகிறேன். குமாரகோவில் தாண்டியதும் இடது கைப் பக்கம் கால்வாய். கால்வாய்க் கரையோடு போனால் மூன்றாவது மடை. அங்கே இறங்கினால் தோப்பு. நடுவில் பந்தல் இருக்கும். ஆட்கள் தடுப்பார்கள், பேசிக்கொண்டு நிற்காதீர்கள். இரும்புக் கம்பி கொண்டு போங்கள், பீர் மைதீன் அண்ணாச்சி வண்டியில் இருக்கிறது. பலகையைத் தூக்க நாலு ஆள் வேண்டும். நாலு ஆள் இல்லாவிட்டால் தெற்கு ஓரத்தைத் தோண்டுங்கள். அந்தப் பக்கம் கால்வாய் ஈரம், களிமண் சீக்கிரம் காயாது, கையாலேயே தோண்டிவிடலாம். பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் அங்கே நாலு விரல் இடைவெளி இருக்கிறது. முதலில் அதைத் திறந்து காற்றை உள்ளே விட்டு, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அம்மா தாயே என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், உலகு என்று கூப்பிட்டால்

யாரோ கதவுப் பூட்டைத் திறக்கி